பழைய லேப்டாப்பை எடைக்குப் போடும் முன், ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிடுங்கள்

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அப்போது வந்த லேப்டாப்கள் இன்று எத்தனையோ வீடுகளில் பரணில் கிடக்கின்றன. பேட்டரி போயிருக்கும், ஸ்கிரீன் உடைந்திருக்கும். உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் மட்டும் பல நேரம் நன்றாகவே இருக்கும். எங்கள் வீட்டு லேப்டாப் பழைய இரும்புக் கடைக்குப் போவதற்கு முந்தின நாள்தான் கழற்றிப் பார்த்தேன். தாத்தாவின் கடைசிப் பொங்கல் படங்கள் அதில்தான் இருந்தன.

தேவையானவை இரண்டுதான்: சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், 2.5 இன்ச் சாட்டா கேசிங் (ஹார்டு டிஸ்கை உள்ளே செருகி, யூஎஸ்பி வழியாக வேறு கம்ப்யூட்டரில் இணைக்க உதவும் பெட்டி). சென்னையில் ரிச்சி தெருவில் கிடைக்கும், ஆன்லைனிலும் உண்டு. யூஎஸ்பி 3.0 என்று கேட்டு வாங்குங்கள். 2.0 என்றால் காப்பி செய்ய மிகவும் நேரமாகும்.

1. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் நெம்பாதீர்கள், அழுத்தாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். அந்த நிலையில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

2. லேப்டாப்பைக் கவிழ்த்து அடிமூடியைத் திறங்கள். ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இருக்காது, முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவில், மேலே ஜிபி எண்ணிக்கை அச்சடித்த உலோகப் பெட்டிதான் ஹார்டு டிஸ்க். மேலே தூக்காமல், கனெக்டரிலிருந்து பக்கவாட்டில் இழுங்கள். சுற்றியுள்ள தகட்டின் ஸ்க்ரூக்களையும் கழற்றிவிடுங்கள்.

3. கேசிங்கில் செருகுங்கள். 7 பின், 15 பின் என்று இரண்டு பகுதிகள் இருக்கும். எல் வடிவத்தில் இருப்பதால் ஒரே பக்கம்தான் நுழையும். நுழையவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள், பலத்தைக் காட்ட வேண்டாம்.

4. வேறு கம்ப்யூட்டரில் இணையுங்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் படங்களை இழக்கிறார்கள். "ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுங்கள். டிரைவ் திறந்தால் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் போங்கள். அனுமதி இல்லை என்று சொன்னால் கன்டின்யூ அழுத்திக் காத்திருங்கள். எல்லாவற்றையும் முதலில் காப்பி செய்யுங்கள். டிஸ்க் தெரியவே இல்லை என்றால் வேறு யூஎஸ்பி போர்ட்டில் போட்டுப் பாருங்கள், மின்சாரம் போதாமல் இருக்கலாம். டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள். சுழலச் சுழல டிஸ்கின் உள்ளே இருக்கும் தட்டு கீறிப்போகலாம். படங்கள் முக்கியம் என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம்தான் போக வேண்டும்.

5. காப்பி முடிந்ததா? சரி, இப்போது ஃபார்மட் செய்யலாம். ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் எக்ஸ்ஃபேட் தேர்ந்தெடுங்கள், விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். ஃபேட்32 என்ற பழைய வகையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது. டிஸ்கை வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் குயிக் ஃபார்மட் டிக்கை எடுத்துவிடுங்கள். நேரமாகும், ஆனால் பழைய ஃபைல்கள் உண்மையாகவே அழியும்.

அப்புறம், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். மஞ்சள் நிறம் காட்டினால் சினிமா, பாட்டு மட்டும் வையுங்கள். நல்ல நிலை என்று நீல நிறமே காட்டினாலும், வயதான டிஸ்க் என்பதால் குடும்பப் படங்களுக்கு இன்னொரு பிரதி கட்டாயம் வேண்டும்.

மிச்சமிருக்கும் போர்டையும் பேட்டரியையும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, மறுசுழற்சிக்குத் தயாரிப்பு நிறுவனமே பொறுப்பு. அந்த பிராண்டின் வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள், எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். பேட்டரி முனைகளில் செல்லோடேப் ஒட்டித் தனிப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.