பழைய அமெரிக்க காமிக்ஸ்: அட்டையைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

பத்து சென்ட்டுக்கு விற்ற அந்தக் காலத்து அமெரிக்க காமிக்ஸ் இதழின் அட்டைக்கு ஒரே வேலைதான்: கடையில் அடுக்கியிருக்கும் மற்ற இதழ்களை விட்டுவிட்டு, பையனின் கை தன் பக்கம் நீள வேண்டும். அதை ஏதோ பத்திரப்பதிவு ஆவணம் மாதிரி நம்பிப் படிக்கும்போதுதான் தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் தேதி. அட்டையில் உள்ள மாதத்தில்தான் இதழ் வெளிவந்தது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். கடைக்காரர் பழசு என்று சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக, இரண்டு மூன்று மாதம் தள்ளித்தான் தேதி போடுவார்கள். சூப்பர்மேன் அறிமுகமான ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் இருப்பது ஜூன் 1938. கடைக்கு வந்தது ஏப்ரலில். ஹிட்லரின் முகத்தில் கேப்டன் அமெரிக்கா குத்துவிடும் அட்டையில் மார்ச் 1941 என்று இருக்கும். அது விற்பனைக்கு வந்தது 1940 டிசம்பரில். அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஒரு வருடம் இருந்தது! அந்தக் குத்துக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்பது தேதியைச் சரியாகப் பார்த்தால்தான் புரியும்.

அடுத்தது, அட்டையை வரைந்தவரே உள்ளேயும் வரைந்திருப்பார் என்ற எண்ணம். ஸ்பைடர்மேன் முதலில் வந்த அமேசிங் ஃபேன்டசி 15ஆம் இதழின் (1962) கதையை வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. அட்டைக்கும் அவர் ஒரு படம் போட்டிருந்தார். அது வேண்டாம் என்றாகி, ஜாக் கிர்பி பென்சிலில் வரைய, டிட்கோ மை போட்டார். ஒரே படத்தில் இரண்டு பேர் கை இருக்கும்போது ஒருவர் பெயரை மட்டும் சொல்வது நியாயமில்லை.

அட்டையில் இருப்பது கதையின் சாரம் என்றும் நம்ப வேண்டாம். டிசி நிறுவனத்தில் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் ஆசிரியராக இருந்தபோது பல நேரம் அட்டைதான் முதலில் தயாராகும். கதாசிரியர் அப்புறம் உட்கார்ந்து அதற்கேற்ற கதையைப் பின்ன வேண்டும். கொரில்லா அட்டைகள் நன்றாக விற்கின்றன என்று தெரிந்ததும் 1950களில் கொரில்லாக்கள் வரிசை கட்டி வந்த கதையும் இதுதான்.

காமிக்ஸ் கோட் என்பது பதிப்பாளர்கள் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட தணிக்கை விதி. 1954இல் வந்தது. அதற்கு உட்பட்ட இதழின் அட்டையில் ஒரு முத்திரை இருக்கும். முத்திரை இல்லாவிட்டால் அதற்கு முந்தைய இதழ் என்று முடிவு கட்டுவதும் தப்பு. டெல் நிறுவனம் அந்த ஏற்பாட்டில் சேரவே இல்லை. போதைப்பொருள் பற்றிய கதைக்காக அமேசிங் ஸ்பைடர்மேன் 96, 97, 98ஆம் இதழ்களை மார்வெல் முத்திரை இல்லாமலேயே 1971இல் வெளியிட்டது.

பணத்தைக் கரைக்கும் தவறு மறுபதிப்பில் இருக்கிறது. ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழை டிசி 1974இல் பெரிய அளவில் அப்படியே மறுபதிப்புச் செய்தது. வெளியே தடித்த அட்டை, உள்ளே பழைய அட்டையின் அச்சு அசல் நகல். வெளி அட்டையைக் கழற்றிவிட்டால் 1938 இதழ் மாதிரியே இருக்கும். அசல் இதழ் ஒன்று 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிருக்கிறது. ஏமாற்ற நினைப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? கண்டுபிடிக்க ஓர் அளவுகோல் போதும். அசலின் உயரம் பத்தே கால் அங்குலம் அளவில் இருக்கும். மறுபதிப்போ பதின்மூன்று அங்குலத்தைத் தாண்டும். இணையத்தில் புகைப்படத்தை மட்டும் பார்த்து வாங்குபவருக்குத்தான் இது தெரியாது. பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நம் கையாலேயே கெடுப்பது. மடிப்பில் வண்ணம் போன இடத்தை ஸ்கெட்ச் பேனாவால் தீட்டுவது, நைந்த ஓரத்தைப் பிளேடால் நேராக நறுக்குவது, கிழிசலுக்கு செலோடேப். பார்க்கப் புதுசாகத் தெரியும், சரி. ஆனால் தரம் பிரிக்கும் சிஜிசி நிறுவனம் செப்பனிட்ட இதழுக்கு ஊதா நிற லேபிள் ஒட்டும், விலை சரியும். டேப்பின் பசையோ வருடம் போகப் போகப் பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும். கிழிந்த அட்டையைக் கிழிந்தபடியே மைலார் எனும் தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பின்னால் அமிலமில்லாத அட்டை ஒன்றை வைத்து, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வைத்துவிடுங்கள்.