மூளை ரிப்போர்ட்ல இருக்குற வார்த்தைங்கள தப்பா புரிஞ்சுக்காதீங்க

ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நிறைய பேர் பண்றது என்னன்னா, புரியாத வார்த்தைய எல்லாம் தாண்டிட்டு, எங்கயோ கேட்ட மாதிரி இருக்குற ஒரே ஒரு வார்த்தைய பிடிச்சுக்குவாங்க. ஆனா மூளை விஷயத்துல வார்த்தைக்கு முன்னாடி ஒட்டியிருக்குற சின்ன துண்டுதான் முக்கியம், அது மாறினா வியாதியே வேற.

பெரிய தப்பு, எல்லாத்தையும் "மூளையில ரத்தக்கசிவு"ன்னு ஒரே வரியில சொல்லிடறது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவுல மூணு உறை இருக்கு, வெளிய கெட்டியா டூரா, அதுக்கு உள்ள அரக்னாய்டு, மூளைய ஒட்டின மாதிரி பயா. ரத்தம் எந்த உறைக்கு மேல, எதுக்கு கீழன்னு பொறுத்துதான் பேரு. எபிடூரல்னா டூராவுக்கு வெளிய, பெரும்பாலும் காதுக்கு முன்னாடி, நெற்றிப்பொட்டுப் பக்கம் எலும்பு விரிசல் விட்டு உள்ள ஓடுற தமனி கிழியறதால வர்றது, இதுல ஆபத்து என்னன்னா அடிபட்டு மயங்கினவர் எழுந்து உக்காந்து நல்லா பேசுவார், எல்லாரும் "அப்பாடா"ன்னு இருக்கும்போது சில மணி நேரத்துல திரும்ப விழுந்துடுவார். சப்டூரல் டூராவுக்கு உள்பக்கம், இங்க கிழியறது சிரைங்க. வயசானவங்களுக்கு லேசா தலை இடிச்சாலே போதும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்களுக்கு இன்னும் சுலபமா வரும், மெதுவா கசிஞ்சு வாரக்கணக்கு கழிச்சு தடுமாற்றம், தூக்கம், குழப்பம்னு காட்டும், வீட்ல "வயசாயிடுச்சு, மறதி"ன்னு விட்டுடுவாங்க. சப்அரக்னாய்டுன்னா அரக்னாய்டுக்கு கீழ, இது அடியே படாம வந்தா பெரும்பாலும் ரத்தக்குழாய்ல இருந்த வீக்கம் வெடிச்சதுதான், ஒரே நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போற தலைவலி, அத மைக்ரேன்னு சொல்லி மாத்திரை போட்டு படுத்துடாதீங்க.

அடுத்தது "மூளைக்காய்ச்சல்". இந்த ஒரு பேர்ல ரெண்டு வியாதி ஓடுது. மெனிஞ்சைட்டிஸ்னா உறையில அழற்சி, என்செஃபலைட்டிஸ்னா மூளைத் திசுவுலயே அழற்சி. முதல்ல சொன்னதுல கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்த்தா கூசறது முன்னாடி நிக்கும், இன்னொன்னுல நடத்தை மாறறது, பேச்சு குழறறது, வலிப்பு. சில சமயம் ரெண்டும் சேர்ந்தும் வரும், அதனால காய்ச்சலோட இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான், பேர அவங்க முடிவு பண்ணட்டும். சோதனைக்காக முதுகுல ஊசி போட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி இருக்குற நீர கொஞ்சம் எடுக்கணும்னா "மூளையில இருந்து தண்ணி எடுக்கறாங்க"ன்னு பதறவும் வேண்டாம். ஊசி போறது இடுப்புக்கிட்ட, தண்டுவடம் முடியற இடத்துக்கும் கீழ. நம்ம உடம்பு ஒரு நாளைக்கு சுமார் 500 மில்லி இந்த நீர தானே சுரக்குது.

மெனிஞ்சியோமான்னு இருந்தா அது மூளைக்குள்ள முளைச்ச கட்டி இல்ல, உறையில வர்றது, பெரும்பாலும் புற்றுநோயும் கிடையாது. அதுக்காக கண்டுக்காம விடலாம்னு இல்ல, எங்க இருக்கு, எத அழுத்துதுன்றதுதான் கேள்வி.

இப்போ பார்வைக்கு வருவோம், எனக்கு பிடிச்ச இடம் இதுதான். "வலது கண்ணு தெரியல"ன்னு சொல்றவங்கள்ல கொஞ்ச பேருக்கு கண்ணுல ஒண்ணுமே இருக்காது. ரெண்டு கண்ணுக்குமே வலது பக்கக் காட்சி இடது மூளைக்குப் போகுது, இடது பக்கக் காட்சி வலது மூளைக்கு. அதனால இடது மூளையோட பின்பக்கம் அடிபட்டா ரெண்டு கண்ணுலயும் வலது பாதி போயிடும், ஆனா அத அனுபவிக்கறவருக்கு வலது கண்ணே போன மாதிரி தோணும். சோதிக்க ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க. ஒரு கண்ண மூடினா சரியாகுது, இன்னொன்ன மூடினா மட்டும் தெரியலன்னா பிரச்சனை அப்போ திறந்திருக்கற கண்ணுல, இல்ல அதோட நரம்புல. எந்தக் கண்ண மூடினாலும் அதே பக்கம் காணோம்னா மூளைப் பக்கம், ஹெமியனோப்பியான்னு எழுதுவாங்க. ரெண்டு கண்ணுலயும் வெளிப்பக்கம் மட்டும் மறைஞ்சா பார்வை நரம்புங்க குறுக்க போற இடத்த ஏதோ அழுத்துது, மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பியில வர்ற கட்டி அப்படி பண்ணும். திடீர்னு பாதி பார்வை போச்சுன்னா கண்ணாடி கடைக்குப் போகாதீங்க, ஸ்ட்ரோக்கா இருக்கலாம், உறைஞ்ச ரத்தக்கட்டிய கரைக்கற ஊசிக்கு வழக்கமா நாலரை மணி நேரம்தான் டைம். ஒரு கண்ணு மட்டும் திடீர்னு போனாலும் அதே அவசரம்தான்.

நெக்லெக்ட்டும் ஹெமியனோப்பியாவும் ஒண்ணுன்னு குழப்பிக்கறாங்க. ஹெமியனோப்பியா இருக்கறவர் பெரும்பாலும் தெரிஞ்சுக்கிட்டு தலைய திருப்பிப் பார்ப்பார், நெக்லெக்ட்ல அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கறதே மனசுக்கு வராது, தட்டுல இடது பாதிய அப்படியே வச்சுட்டு எழுந்துடுவார். அக்னோசியா இன்னும் விநோதம், சாவி கண்ணுக்கு நல்லா தெரியும் ஆனா என்னன்னு தெரியாது, கையில குடுத்தா இல்ல ஆட்டி சத்தம் காட்டினா டக்குனு சொல்லிடுவார். இத மறதின்னு எழுதி வைக்கக் கூடாது.

கடைசியா ஒண்ணு, பார்வை ரொம்ப குறைஞ்ச பெரியவங்க "யாரோ குட்டி குட்டியா ஆளுங்க நடக்கறாங்க"ன்னு சொன்னா உடனே மனநோய்னு முடிவு கட்டிடாதீங்க. கண்ணுல இருந்து தகவல் வராதப்போ மூளை தானே படம் போடும், சார்லஸ் போனே சிண்ட்ரோம்னு பேரு, அது நிஜம் இல்லன்னு அவங்களுக்கே பெரும்பாலும் தெரியும். நிறைய பேர் பைத்தியம்னு சொல்லிடுவாங்களோன்னு வெளியவே சொல்றதில்ல, அதனால நீங்களே மெதுவா கேட்டுப் பாருங்க.