பாதி சீசனில் நம்ம டீமை எப்படிப் பார்ப்பது: பேஸ்பாலும் கால்பந்தும் பின்தொடரும் சேலத்துக்காரர்களுக்கு

பாதி சீசன் முடிந்ததும் எல்லாரும் முதலில் பாயின்ட்ஸ் டேபிளைத்தான் திறக்கிறார்கள். அதைக் கடைசியாகத் திறங்கள். இதுவரை என்ன நடந்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும், இந்த டீம் எவ்வளவு நல்ல டீம், இனி என்ன செய்யும் என்பதை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

நான் பின்தொடர்வது பேஸ்பாலில் அட்லாண்டா பிரேவ்ஸ், கால்பந்தில் ஆர்சனல். மச்சான் அட்லாண்டாவில் வேலைக்குப் போனதிலிருந்து பிரேவ்ஸ், ஆர்சனல் அதற்கும் முன்னாலிருந்து. இரண்டுக்கும் பாதி சீசன் ஒரே நேரத்தில் வராது, அதுவும் நல்லதுதான். சேலத்தில் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு ஊர் தயாராகும் நேரத்தில் பேஸ்பாலில் ஆல்ஸ்டார் இடைவேளை வரும், நட்சத்திர வீரர்களின் காட்சி ஆட்டத்துக்காக நடு சீசனில் சில நாள் லீக் நிற்கும் நேரம் அது. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 19வது ஆட்டத்தைத் தொடும். ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் போதும்.

முதலில் பேஸ்பால். ஒரு சீசனில் ஒரு டீமுக்கு 162 ஆட்டம். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் வேலையும் போகும் தூக்கமும் போகும். அட்லாண்டாவில் மாலை ஏழு மணி என்றால் கோடையில் நமக்கு விடியற்காலை 4:30. 2023இல் பிட்ச் கிளாக் (பந்து வீச நேர வரம்பு வைக்கும் கடிகாரம்) வந்த பிறகு ஒரு ஆட்டம் பெரும்பாலும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, அதனால் ஆறு மணிக்கு எழுந்தாலே ஒன்பது இன்னிங்ஸில் கடைசி சில கிடைத்துவிடும், காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஏழேகாலுக்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஏற்காட்டில் இருப்பவர்கள் மழை, மூடுபனி நாட்களில் வீடியோவோடு போராடாமல் ஆடியோ வர்ணனையைக் கேளுங்கள், பேஸ்பாலுக்கு அது ரொம்பப் பொருந்தும், பந்துக்குப் பந்து இடைவெளி இருப்பதால் எதுவும் விட்டுப்போகாது.

இப்போது நோட்டை எடுங்கள். டீம் அடித்த மொத்த ரன், விட்டுக்கொடுத்த மொத்த ரன், இந்த இரண்டு எண்கள்தான் வேண்டும். கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதே இல்லை. பில் ஜேம்ஸ் என்ற பேஸ்பால் ஆய்வாளர் இதற்கு ஒரு எளிய கணக்குக் கொடுத்திருக்கிறார். அடித்த ரன்னை அதே எண்ணால் பெருக்குங்கள், விட்டுக்கொடுத்த ரன்னையும் அதேபோல் பெருக்குங்கள், முதல் விடையை இரண்டு விடைகளின் கூட்டுத்தொகையால் வகுங்கள். 90 ஆட்டத்தில் 450 அடித்து 400 விட்டுக்கொடுத்த டீமை எடுத்துக்கொண்டால் 2,02,500ஐ 3,62,500ஆல் வகுக்க வேண்டும், 0.559 வரும். அதாவது இந்த டீம் 50 ஆட்டம் ஜெயித்திருக்க வேண்டிய டீம். நிஜத்தில் 44தான் ஜெயித்திருக்கிறது என்றால் மனசு விடாதீர்கள், ஒரு ரன் வித்தியாசத்தில் தோற்ற ஆட்டங்கள் அதிகம் இருந்திருக்கும், அது வருஷம் முழுக்க அப்படியே நீடிப்பது அபூர்வம். 56 ஜெயித்திருக்கிறது என்றால் கொஞ்சம் கவலைப்படுங்கள். பக்கத்து வீட்டு டீம் முதலிடத்தில் இருந்தாலும் இதே கணக்கை அதற்கும் போட்டுப் பாருங்கள், பல நேரம் நிம்மதி கிடைக்கும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் 2021. அந்த ஆண்டு ஆல்ஸ்டார் இடைவேளையில் பிரேவ்ஸ் 44 வெற்றி, 45 தோல்வி. அதற்குச் சில நாள் முன்புதான் எங்கள் பெரிய நட்சத்திரம் ரொனால்ட் அகுன்யா முழங்கால் காயத்தால் சீசனையே இழந்திருந்தார். டேபிளை மட்டும் பார்த்தவர்கள் “அவ்வளவுதான் மாப்ள, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்றார்கள். ஆனால் அடித்த ரன் விட்டுக்கொடுத்த ரன்னைவிட அதிகமாகத்தான் இருந்தது. நிர்வாகமும் கைவிடவில்லை, ஜூலை மாதத்துக்குள் ஜாக் பீடர்சன், ஆடம் டுவால், ஹோர்ஹே சோலேர், எடி ரொசாரியோ என்று நான்கு அவுட்ஃபீல்டர்களை (மைதானத்தின் வெளிப்பகுதியில் பந்து பிடிப்பவர்களை) வேறு டீம்களிலிருந்து கொண்டுவந்தார்கள். அந்த சீசனில் வெற்றி எண்ணிக்கை தோல்வியை முதன்முதலில் தாண்டியதே ஆகஸ்ட் 6இல்தான். முடிவில் 88 வெற்றி, வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதித் தொடரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை ஆறு ஆட்டத்தில் வென்று கோப்பை. அதற்கு முந்தைய சுற்றின் சிறந்த வீரர் ரொசாரியோ, வேர்ல்டு சீரிஸின் சிறந்த வீரர் சோலேர், இரண்டு பேருமே ஜூலையில் வந்தவர்கள்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

அதனால் ரன் கணக்குக்கு அடுத்து டிரேட் (டீம்கள் வீரர்களை மாற்றிக்கொள்வது) கடைசி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ வரும், ஆடிப்பெருக்கை ஒட்டி என்று வைத்துக்கொண்டால் மறக்காது. அன்று யார் வந்தார்கள் என்பதைவிட எந்த ஓட்டையை அடைத்தார்கள் என்று பாருங்கள். பெரிய பெயர் வந்தும் கடைசி இன்னிங்ஸில் பந்து வீச ஆள் இல்லை என்றால் பயன் குறைவு.

அப்புறம், எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறோம் என்ற எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம், ஆனால் கணக்குப் போடாமல் நம்பவும் வேண்டாம். ஏழு ஆட்டம் பின்தங்கி, மீதி 70 ஆட்டம் இருக்கிறது என்று வையுங்கள். முன்னால் இருக்கிற டீம் பாதிக்குப் பாதி ஜெயித்தால் அவர்களுக்கு 35, நமக்கு 42 வேண்டும், அது முடிகிற காரியம். அவர்கள் 40 ஜெயித்தால் நமக்கு 47 வேண்டும், அது ரொம்பக் கஷ்டம். பேஸ்பாலில் இரண்டு லீக், ஒவ்வொன்றிலும் டிவிஷன் என்று மூன்று பிரிவு. 2022 முதல் ஒவ்வொரு லீக்கிலும் ஆறு டீம் பிளேஆஃப் போகிறது, மூன்று டிவிஷன் வென்றவர்கள், மூன்று வைல்டு கார்டு, அதாவது டிவிஷன் வெல்லாதவர்களில் சிறந்த மூன்று டீம். அதனால் டிவிஷன் தலைவரோடு உள்ள இடைவெளி, மூன்றாவது வைல்டு கார்டோடு உள்ள இடைவெளி, இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். 2019இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் 19 வெற்றி 31 தோல்வி என்று தொடங்கி வைல்டு கார்டு வழியாகப் போய் வேர்ல்டு சீரிஸையே ஜெயித்தது. எங்கள் டிவிஷன் எதிரிதான், இருந்தாலும் அந்த மரியாதையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

சரி, கால்பந்துக்கு வருவோம். இங்கே கணக்கு இன்னும் எளிது. 20 டீம், 38 ஆட்டம், 19 ஆட்டம் முடிந்தால் பெரும்பாலும் எல்லா டீமையும் ஒரு முறை சந்தித்திருப்போம். அதனால் போன வருஷம் இதே டீமோடு இதே மைதானத்தில் என்ன முடிவு வந்தது என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். போன முறை சொந்த மைதானத்தில் ஜெயித்து இந்த முறை டிரா என்றால் இரண்டு புள்ளி கழிவு, வெளியூரில் தோற்ற இடத்தில் இப்போது ஜெயித்தால் மூன்று புள்ளி வரவு. போன சீசனில் கடைசி மூன்று இடத்தில் முடித்துக் கீழ் லீக்குக்கு இறங்கிப்போன டீம்களுக்குப் பதிலாக அங்கிருந்து மேலே வந்த டீம்களை வைத்துக்கொள்ளலாம். கூட்டிப் பார்த்தால் டீம் உண்மையிலேயே முன்னேறியிருக்கிறதா, இல்லை சுலபமான ஆட்டங்கள் முன்னால் வந்துவிட்டனவா என்று தெரிந்துவிடும். கோல் வித்தியாசத்தையும், முடிந்தால் எக்ஸ்ஜியையும் பாருங்கள். ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்பதைக் கூட்டிச் சொல்வதுதான் எக்ஸ்ஜி, ஒரு பெனால்டிக்கு முக்கால் கோலுக்குக் கொஞ்சம் மேல்.

ஆனால் கால்பந்தில் எண்களைவிட முக்கியமான கேள்வி, பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்பது. 2022-23இல் ஆர்சனல் 19 ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்தது. கத்தார் உலகக் கோப்பை நடுவில் வந்ததால் அந்த ஆண்டு பாதி சீசனே ஜனவரி கடைசி வாக்கில்தான் வந்தது, மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என்று வென்ற அந்த இரவில் நாங்கள் நண்பர்கள் எல்லாரும் கோப்பை வந்துவிட்டது என்றே நினைத்தோம். மார்ச்சில் வில்லியம் சலிபாவுக்கு முதுகில் காயம். அவருக்கு ஈடான ஆள் இல்லை. ஏப்ரலில் லிவர்பூலிலும் வெஸ்ட் ஹாமிலும் இரண்டு கோல் முன்னிலையை விட்டு 2-2, சவுத்தாம்ப்டனோடு சொந்த மைதானத்தில் 3-3, அப்புறம் மான்செஸ்டர் சிட்டியிடம் 4-1 தோல்வி. இரண்டாம் பாதியில் கிடைத்தது 34 புள்ளி, மொத்தம் 84, சிட்டிக்கு 89. அந்த டீமை நான் இன்றும் நேசிக்கிறேன், ஆனால் அதற்குப் பிறகு ஜனவரி வந்தால் நான் முதலில் எழுதுவது பதினோரு பேரின் பெயரை, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மாற்று ஆளின் பெயரை. எங்கே எழுதக் கை தயங்குகிறதோ அந்த இடத்துக்குத்தான் ஜனவரியில் ஆள் வாங்க வேண்டும், நடு சீசனில் ஆள் வாங்க அனுமதி அந்த மாதம்தான்.

உங்கள் டீம் அடியில் கிடந்தாலும் இதே வேலையைச் செய்யுங்கள். 2014-15இல் கிறிஸ்துமஸ் அன்று லெஸ்டர் சிட்டி கடைசி இடம், கடைசி ஒன்பது ஆட்டத்தில் ஏழு ஜெயித்துத் தப்பியது, அடுத்த வருஷம் சாம்பியன்.

கடைசியாக, மீதி 19 ஆட்டத்தில் வெளியூரில் ஆடும் பெரிய ஆட்டங்களை மட்டும் காலண்டரில் வட்டமிடுங்கள், நான்கைந்துதான் இருக்கும். குளிர்காலத்தில் சனிக்கிழமை ஆட்டங்கள் நமக்கு மாலை 6, இரவு 8:30, 11 மணி வாக்கில் வரும், ஆறு மணி ஆட்டத்துக்குத் தட்டுவடை செட்டு வாங்கிவந்து வீட்டாரோடு உட்கார்ந்து பார்க்கலாம். வாரநடுவில் வருவது இரவு 1:30 வாக்கில். மார்ச் கடைசியில் இங்கிலாந்தில் கடிகாரத்தை மாற்றுவார்கள், அதன் பிறகு அது 12:30 ஆகிவிடும், வட்டமிட்ட ஆட்டம் அப்படி ஒரு இரவில் வந்தால் மறுநாள் காலை வேலையை யாரிடமாவது இப்போதே சொல்லி மாற்றிவையுங்கள்.