ஸ்கோபோலமைன் போட்ட எலி உண்மையிலேயே மறந்துவிட்டதா?

பார்மகாலஜி ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் கதை இது: எலிக்கு ஸ்கோபோலமைன் ஊசி போட்டால் ஞாபகம் குறையும், வல்லாரைச் சாறோ நீர்ப்பிரமிச் சாறோ கொடுத்தால் திரும்பும். ஊமத்தையில் இருக்கும் அதே ஸ்கோபோலமைன்தான். மூளையில் நரம்புச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் வந்து அமரும் மஸ்கரினிக் ஏற்பிகளை அது அடைத்துவிடும். ஊசி போட்டு அரை மணி நேரத்தில் சோதனையைத் தொடங்கலாம். இவ்வளவு சுலபம் என்பதால்தான் யோசிக்காமல் செய்துவிடுகிறார்கள்.

எலி சோதனையில் தோற்றாலே 'மறந்துவிட்டது' என்று எழுதுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. மாரிஸ் வாட்டர் மேஸையே எடுத்துக்கொள்வோம். வட்டத் தொட்டி, கலங்கலாக்கிய தண்ணீர், அதற்குச் சற்றுக் கீழே ஒளிந்திருக்கும் மேடை. அறையில் உள்ள அடையாளங்களை வைத்து எலி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். டோஸ் கூடிப்போன எலியோ தொட்டிச் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி நீந்தும். மேடை மேலேயே போனாலும் ஏறாமல் தாண்டிவிடும். ஏறினாலும் திரும்பக் குதிக்கும். எத்தனை விநாடி ஆனது என்பதை மட்டும் பார்த்தால் இதுவும் நினைவிழப்புக் கணக்கில் வந்துவிடும். போதாக்குறைக்கு இந்த மருந்து கண்பாவையை விரித்துப் பார்வையைக் கெடுக்கும். ஆய்வகங்களில் வளர்க்கும் சிவப்புக் கண் விஸ்டார் வகை எலிக்கு ஏற்கெனவே பார்வை சுமார்தான். அதனால் மேடை வெளியே தெரியும்படி வைத்து ஒரு சுற்று விட்டுப் பாருங்கள். நீந்தும் வேகத்தையும் சுவரோரம் கழித்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணெதிரே இருக்கும் மேடைக்கே போகத் தெரியாத எலியை வைத்து நினைவைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

வேறு வகை மருந்தை வைத்துச் செய்து 1995-இல் 'நேச்சர்' இதழில் வந்த இரண்டு ஆய்வுகள் இதைப் பளிச்சென்று காட்டின. மருந்தில்லாமல் முன்கூட்டியே வாட்டர் மேஸ் பழகிய எலிகள், கற்றலுக்கு அவசியம் என்று கருதப்பட்ட என்.எம்.டி.ஏ. என்ற வேறு வகை ஏற்பிகளை அடைத்த பிறகும் மேடையின் இடத்தைக் கற்றுக்கொண்டன. அதாவது பழகாத எலியின் தோல்வி முழுவதையும் நினைவின் கணக்கில் எழுத முடியாது.

உடம்பின் மீதான விளைவும் குழப்பும். ஸ்கோபோலமைன் வாயை உலர்த்திவிடும்; தீனியைப் பரிசாக வைக்கும் சோதனையில், வறண்ட வாயுள்ள எலி தீனியைத் தொடாமல் விட்டாலும் ஆச்சரியமில்லை. மூளைக்குள் அவ்வளவாக நுழையாத மெத்தில்ஸ்கோபோலமைன் கொடுத்த ஒரு குழு இருந்தால் இந்தச் சந்தேகம் தீரும். வெறும் உப்புநீர் ஊசி போட்ட சலைன் குழு மட்டும் போதாது.

அப்புறம், ஊசி போடும் நேரம். பயிற்சிக்கு முன் போட்டால் கற்பது கெடும், பயிற்சி முடிந்த உடனே போட்டால் நினைவு பதிவது கெடும், சோதனைக்கு முன் போட்டால் நினைவுகூர்வது கெடும். மூன்றும் வேறு வேறு கேள்விகள். போதாததற்கு, மருந்தின் பிடியில் கற்றது மருந்தில்லாதபோது வராமல் போவதும் உண்டு. எது என்று சொல்லாமல் பொதுவாக 'நினைவுக் குறைபாடு' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது.

டோஸ் எழுதும்போது மருந்தின் எந்த உப்பு வடிவம் என்பதையும் சொல்லுங்கள். ஹைட்ரோபுரோமைடு டிரைஹைட்ரேட் 1 மில்லிகிராமில் ஸ்கோபோலமைன் சுமார் 0.7 மில்லிகிராம்தான்.

கடைசியாக, அல்சைமர்ஸ். ஸ்கோபோலமைன் கொடுத்த இளைஞர்களின் நினைவாற்றல் முதியவர்களுடையதைப் போல ஆனது என்று 1974-இல் டிராக்மனும் லெவிட்டும் காட்டினார்கள். ஒப்பீடு அங்கிருந்து வளர்ந்தது. ஆனால் ஒரு ஊசியில் அல்சைமர்ஸ் மூளையில் காணும் அமிலாய்டு புரதப் படிவும் வராது, டௌ புரத முடிச்சும் வராது. சில மணி நேரத்தில் எலி பழையபடி ஆகிவிடும். அல்சைமர்ஸுக்குத் தரும் டொனெபெசில் மருந்து போல அசிட்டைல்கோலினைக் கூட்டும் எதுவும் இந்த அடைப்பை ஓரளவு ஈடுகட்டும் என்பதும் எதிர்பார்த்ததுதான். உங்கள் சாறும் அதே வேலையைத்தான் செய்கிறதா, அல்லது எலியை வெறுமனே சுறுசுறுப்பாக்குகிறதா? சாறு மட்டும் கொடுத்த குழு இல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. அந்தக் குழுவே இருந்தாலும் தலைப்பில் 'ஸ்கோபோலமைனால் உண்டான நினைவுக் குறைபாடு' என்று போடுங்கள். 'அல்சைமர்ஸுக்கு மருந்து' என்று போட இந்தச் சோதனையில் இடமில்லை.