பயிற்சிக் களத்தில் அத்துமீறலைத் தடுப்பது எப்படி?

விளையாட்டுப் பயிற்சியில் எல்லை மீறும் பயிற்சியாளர் முதல் நாளே மீறுவதில்லை. கூடுதல் பயிற்சி, தனிப் பரிசு, இரவில் வரும் குறுஞ்செய்தி, "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்ற பேச்சு என்று கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவார். அணியில் இடம் கொடுப்பதும் பறிப்பதும் அவர் கையில் இருப்பதால் வீரருக்கு மறுக்கத் துணிவு வராது. அதனால் யாருடைய நல்ல குணத்தையும் நம்பி விதி எழுதாதீர்கள். தலைமைப் பயிற்சியாளருக்கும் அதே விதிதான்.

முதல் விதி தனிமை பற்றியது. 18 வயதுக்குட்பட்டவரோடு பெரியவர் ஒருவர் தனியாகப் பேசலாம், பயிற்சி தரலாம். ஆனால் இன்னொரு பெரியவர் கண்ணில் படும் இடத்தில், அவர் எந்த நேரமும் உள்ளே வரக்கூடிய இடத்தில். கதவு பூட்டியிருக்கக் கூடாது. கேமரா இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். நடக்கும் நேரத்தில் அதை யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

தொட்டுத் திருத்த வேண்டியிருந்தால் எங்கே, எதற்கு என்று முதலில் சொல்லுங்கள், சம்மதம் கேளுங்கள். நேற்றுக் கிடைத்த சம்மதம் இன்றைக்குச் செல்லாது. பல இடங்களில் தொடவே தேவையில்லை. ஸ்குவாட் (தோளில் எடைக் கம்பியோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்பவரைப் பின்னால் நின்று மார்போடு அணைத்துப் பிடிப்பதற்குப் பதில், எடைக் கம்பியைத் தாங்கும் இரும்புச் சட்டமான பவர் ரேக்கின் பாதுகாப்புக் கம்பிகளை அவர் இறங்கும் ஆழத்துக்குச் சற்றுக் கீழே பொருத்துங்கள். தேவைப்பட்டால் எடைக் கம்பியின் இரு முனையிலும் ஒவ்வொருவரை நிறுத்துங்கள்.

பிசியோ (இயன்முறைச் சிகிச்சை) அறையில்தான் மிகுந்த கவனம் தேவை. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் சிகிச்சை என்ற பெயரில் பல ஆண்டுகள் அத்துமீறினார்; 2018-இல் தண்டிக்கப்பட்டார். சில நேரம் பெற்றோர் அதே அறையில் இருந்தார்கள். அவர்களுக்குக் கைகள் தெரியாதபடி அவர் நின்றுகொண்டார். ஆகவே துணைக்கு ஆள் இருந்தால் போதாது, சிகிச்சை தருபவரின் கைகள் அந்தத் துணையாளின் பார்வையில் இருக்க வேண்டும். துணைக்கு யார் என்பதை வீரரே தேர்ந்தெடுக்கட்டும். சிகிச்சை பெறும் பகுதி தவிர மற்றதைத் துண்டால் மூடுங்கள். "நிறுத்துங்க" என்றால் உடனே நிறுத்த வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. தேதி, உடற்பகுதி, செய்த சிகிச்சை, உடன் இருந்தவர் ஆகியவற்றை அன்றே குறித்து வையுங்கள். அந்தரங்க உறுப்பைத் தொடும் எந்தச் சிகிச்சையும் பயிற்சிக் கூடத்தில் நடக்கவே கூடாது.

அத்துமீறல் என்றால் பாலியல் தொல்லை மட்டும் இல்லை. எல்லோர் முன்னும் எடை பார்த்து எண்ணைப் பலகையில் எழுதுவது, உடலைக் கேலி செய்வது, தண்டனையாக ஓடவிட்டுத் தண்ணீர் தர மறுப்பது எல்லாம் அதில் சேரும்.

செய்திகள் பெற்றோரும் இன்னொரு பயிற்சியாளரும் உள்ள குழுவில் மட்டும் போகட்டும். தானாக அழியும் அமைப்பை அணைத்து வையுங்கள். வெளியூர்ப் போட்டிகளில் பெரியவரும் சிறுவரும் ஒரே அறையில் தங்கக் கூடாது. ஆலோசனை வரவேற்பறையில்தான், படுக்கையறையில் கூடாது.

பெரும்பாலான அமைப்புகள் கோட்டை விடுவது புகாரில். புகார் பயிற்சியாளர் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். குறைந்தது இருவரை நியமியுங்கள். ஒருவர் பெண்ணாகவும், ஒருவர் அமைப்புக்கு வெளியிலிருந்தும் இருக்கட்டும். பெயரும் எண்ணும் உடை மாற்றும் அறையில் ஒட்டப்பட வேண்டும்.

ஒரு சிறுவரோ சிறுமியோ வந்து சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். "அவர் இப்படிச் செய்தாரா?" என்று பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால் பின்னர் விசாரணை பலவீனமாகும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். யாரிடம் சொல்லப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே, நேரத்தோடு, அன்றைக்கே எழுதுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வையுங்கள். காவல்துறைக்கோ குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்கோ உடனே தெரிவியுங்கள். "முதலில் நாமே விசாரிப்போம்" என்று தாமதித்தால் சாட்சியம் கலையும்.

விசாரணை முடியும்வரை விலகி நிற்க வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர். புகார் தந்தவரின் பயிற்சி நேரத்தை மாற்றாதீர்கள். அந்தப் பருவத்துக்கான அணித் தேர்வை வேறு குழுவிடம் கொடுங்கள்.