‘வேண்டாத ஆள்’ என்று யாரைச் சொல்லலாம்?

யாழ்ப்பாணத்தில் கலியாணத்துக்குச் சொல்ல வேண்டிய ஆக்களின் பட்டியல் எழுதும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள், இந்தச் சொல் ஒரு தடவையாவது வரும். எங்கள் வீட்டில் அம்மம்மா பேர் பேராகச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தேன். பின்வளவுக் குடும்பத்தின் பேரை நானாக எழுதப் போனதும் கொப்பியில் கையை வைத்து, "அவை எங்களுக்கு வேண்டாத ஆக்கள் பிள்ளை" என்றார். வேலிச் சண்டை. வேலிக்கு நடுகிற கதியாலை அரை அடி தள்ளிப் போட்டது, நான் பிறக்க முதலே நடந்தது.

அவர் ‘கூடாத ஆக்கள்’ என்று சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள். கூடாத ஆள் என்றால் குணமே சரியில்லை என்று அர்த்தம். வேண்டாத ஆள் என்றால் இரண்டு பேருக்கு இடையில் உறவு சரியில்லை, அவ்வளவுதான். அதனால் யாருக்கு வேண்டாதவர் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்: ‘அவருக்கு வேண்டாத ஆள்’, ‘எங்களுக்கு வேண்டாத ஆக்கள்’. அந்த ‘க்கு’ இல்லாமல் ‘அவன் வேண்டாதவன்’ என்று மட்டும் சொன்னால் ஊரே ஒருவனைத் தள்ளி வைத்த மாதிரி ஆகிவிடும். உறவு சரிவந்தால் சொல்லும் மாறும்: அம்மம்மாவின் செத்தவீட்டில் முதல் ஆளாக வந்து தேத்தண்ணி ஊத்தினது பின்வளவு ஆக்கள்தான், இப்போது எங்களுக்கு நல்லா வேண்டிய ஆக்கள்.

சும்மா ஒருவரின் கதை பிடிக்கவில்லை என்றால் ‘எனக்கு அவரில விருப்பமில்லை’ போதும். முகம் பார்க்கவே முடியாத வெறுப்புக்கு ‘கண்ணிலையும் காட்டக்கூடாது’ இருக்கிறது.

வெளியூர் ஆக்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நாங்கள் சந்தையில் மீன் ‘வேண்டுவோம்’, ‘அடி வேண்டுவாய்’ என்று பிள்ளைகளை வெருட்டவும் செய்வோம். அந்த ‘வேண்டு’ வாங்குவது. வேண்டாத ஆளில் இருப்பது விரும்புதல் என்ற பழைய பொருள், நாலாவது குறளில் ‘வேண்டுதல் வேண்டாமை இலான்’ என்று வருகிறதே, அதுதான். ‘வேண்டாத வேலை’ என்றால் தேவையில்லாத வேலை, வெறுப்பு எதுவும் இல்லை.

பிள்ளைகளைப் பற்றி மட்டும் இந்தச் சொல்லை எடுக்கவே எடுக்காதீர்கள். தம்பிக்கு முதலில் பொரித்த மீன் போட்டதற்காக, "நான் வேண்டாத பிள்ளைதானே" என்று ஒரு சின்னப் பிள்ளை கோப்பையைத் தள்ளிவிட்டு விக்கி விக்கி அழுததைப் பார்த்திருக்கிறேன். பெரிய ஆக்கள் யாரோ எப்போதோ சொன்னதைத்தான் அது திருப்பிச் சொன்னது.