ஷட்டில் கோர்ட்டில் மங்கிய படங்கள்

மகள் ஷட்டில் ஆடும் உள்ளரங்கில் நான் எடுத்த படமெல்லாம் புகைமூட்டம். ராக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். 30 மடங்கு ஜூம் என்று ஆசைப்பட்டு வாங்கிய கேமரா. முழுக்க இழுத்தால் லென்ஸின் திறப்பு எஃப் 6.3-க்குச் சுருங்கிவிடும் (எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). ஃபிளாஷ் போட்டால் ஆடுகிற பிள்ளைகளுக்குக் கண் கூசும்.

சரி என்று ஜூம் மோகத்தை விட்டேன். சோனி ஆர்எக்ஸ்100 மூன்றாம் மாடல் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 1 அங்குல சென்சார் (வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு), பழைய கேமராவில் இருந்ததைப்போல் சுமார் நான்கு மடங்குப் பரப்பு. ஜூம் 70 மிமீ வரைதான், ஆனால் அந்த முனையிலும் எஃப் 2.8, ஐந்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். கோர்ட்டை ஒட்டி உட்கார வேண்டும், பரவாயில்லை.

ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/500 நொடி, வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓ 3200. ஸ்மாஷ் அடிக்க எம்பியவளின் நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. அப்புறம் ஒரு தொல்லை: தொடர்ச்சியாக எடுத்தால் ஒரு படம் பளிச், அடுத்தது மங்கல். கேமராவைத்தான் சந்தேகப்பட்டேன். குற்றவாளி கூரை விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று; சுற்றுக்கு இரண்டு மினுக்கல். அந்த விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. 1/500 நொடியில் மினுக்கலின் ஒரு துண்டுதான் சிக்கும், அது பளிச்சோ மங்கலோ. ஷட்டரை 1/100-க்கு இறக்கினால் ஒரு மினுக்கல் முழுதாக அடங்கி வெளிச்சம் சீராகிறது, ஆனால் கைகால் கலங்கிவிடுகிறது. அதனால் 1/500-லேயே பத்துப் படம் தட்டி, தேறியதை வைத்துக்கொள்கிறேன்.